கப்ராலுக்கு வைத்த மருந்து

சிலருக்குப் பிறக்கும்போதே நல்ல குரல் வாய்த்துவிடுகிறது. சிலருக்குக் கைமணம் வாய்த்துவிடுகிறது. எனக்கு வாய்த்தது சந்தேகம். பால் தண்ணீராக இருந்தால் ஊரில் எல்லோரும் சந்தேகப்படுவார்கள். கெட்டியாக இருந்தால் நான் ஒருத்திதான் சந்தேகப்படுவேன். யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் எதற்குச் சிரித்தார்கள் என்று யோசிப்பேன். சிரிக்காமல் போனால் எதை மறைக்கிறார்கள் என்று யோசிப்பேன். இந்தக் குணத்தால் எங்கள் வீட்டில் ஒரு செம்புகூடக் களவு போனதில்லை. (திருடனுக்கும் மானம் உண்டல்லவா, என் வாயில் விழுவானேன்?) ஆனால் இதே குணத்தால் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மடுகரையில் பாதி ஊர் எங்கள் வாசலில் கூடி நின்று, என் வீட்டுக்காரரின் படுக்கை சங்கதியை விசாரித்தது. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சி. எங்கள் ஊர் எல்லை ஊர்; கொஞ்ச தூரம் நடந்தால் இங்கிலீஷ்காரன் சீமை வந்துவிடும். என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் வரைக்கும் போய்வந்தவர். சொல்தா என்பார்கள், சாதாரணச் சிப்பாய். அதற்கு ஒரு படி மேலே கப்ரால் என்று ஒரு பதவி உண்டாம். அது கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. பென்ஷனோடு ஊருக்குத் திரும்பியவர் ஒரு நாய்க்குட்டியைப் பிடித்துவந்து அதற்குக் கப்ரால் என்று பேர் வைத்துவிட்டார். தினமும் விடிந்ததும் "கப்ரால்!" என்று ஓர் அதட்டல் போடுவார். அது வாலை ஆட்டிக்கொண்டு வந்து காலடியில் உட்காரும். அதற்கப்புறம்தான் அவர் பல் விளக்கப் போவார்.

மாமனார் போனபிறகு அண்ணன் தம்பி இரண்டு பேரும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நொத்தேரிடம் போய்ப் பத்திரம் எழுதினார்கள். வீட்டுக்கு நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு மண் சுவர் எழும்பியது. நெல் நிலத்தில் பெரும்பங்கு மூத்தவரான என் வீட்டுக்காரருக்கு. கரும்புக் கொல்லையும் பின்கட்டில் இருந்த வெல்லம் காய்ச்சும் அடுப்பும் கொழுந்தனாருக்கு. உலக்கை, உரல், வெண்கலப் பானை எல்லாவற்றையும் பிரித்தவர்கள் நாயை மறந்துவிட்டார்கள். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள், "அப்பன் வச்சிட்டுப் போனது, மூத்தவன் பொறுப்பு" என்று சொல்ல, கப்ரால் எங்களுக்கு வந்தது.

எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், யாருக்கும் தெரியாமல் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து பிறந்த வீட்டை நினைத்து அழுதிருக்கிறேன். அப்போதெல்லாம் சத்தமில்லாமல் வந்து என் காலை ஒட்டிப் படுத்துக்கொண்டது அந்த நாய்தான். யாரிடமும் போய்ச் சொல்லவும் இல்லை. நான் சந்தேகப்படாத ஒரே ஜீவன் அது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்படிப்பட்ட கப்ரால், பாகம் பிரிந்து சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலம் முடிந்ததும், மாறிப்போனது.

முதலில் கூப்பிட்டால் திரும்புவதை நிறுத்தியது. நான் தொண்டை கிழியக் கத்துவேன், அது பாட்டுக்கு எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சோற்றை வைத்தால் மோந்து பார்க்கும், ஒரு வாய் எடுக்கும், கீழே போட்டுவிட்டு எழுந்து போகும். என் வீட்டுக்காரர் கழனியிலிருந்து வந்தால் திருடனைக் கண்டதுபோல் குரைக்கும். ஆனால் வைக்கோல் பொம்மையைப் பார்த்து வாலை ஆட்டும். கண்ணில் நீலம் பாய்ந்துவிட்டது. வாயில் ஒரு நாற்றம். படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விடும், அதுவும் நான் சாணம் போட்டு மெழுகிய தரையாகப் பார்த்து. இதெல்லாம் போதாதென்று, விடிந்ததும் தெருவைச் சுற்றிக்கொண்டு, ஆடி அசைந்து, நேராகக் கொழுந்தனார் வீட்டுக்குப் போய்விடும். பொழுது சாய்ந்தால்தான் திரும்பும்.

"வயசாயிடுச்சிடி அதுக்கு" என்றார் என் வீட்டுக்காரர்.

"வயசாயிட்டா நம்ம வூட்டுலதான காது கேக்கக்கூடாது? அங்க மட்டும் எப்டி கேக்குது? அவ சட்டிய எடுத்தா எழுந்து நிக்குது."

"மோந்து பாத்து எழுந்துக்குதோ என்னவோ."

அவர் எதற்கு அந்த வீட்டுக்குப் பரிந்து பேசுகிறார் என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனார் பெண்டாட்டி, பேர் அஞ்சலை. அபிஷேகப்பாக்கத்துப் பெண். என்னைவிட வயதில் சின்னவள், அதிகம் பேசமாட்டாள். அதிகம் பேசாதவர்களைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். அந்தப் பேச்செல்லாம் எங்கே போகிறது? உள்ளேயே தங்கி என்ன ஆகிறது? அதனால் ஒரு நாள் உரலைச் சுவரோரம் உருட்டிப்போய்க் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்று அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

வெல்ல அடுப்பு அணைந்து சாம்பல் கதகதவென்று இருந்தது. அதையொட்டிக் கப்ரால் சுருண்டு படுத்திருந்தது. அஞ்சலை பக்கத்தில் குந்தி, ஒரு கொட்டாங்குச்சியில் இருந்த எதையோ விரலால் தொட்டுத் தொட்டு அதன் பின்னங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பாக, பிசுபிசுவென்று. தேய்க்கும்போது வாய் முணுமுணுத்தது. அப்புறம் ஒரு சட்டியில் கூழை ஊற்றி அதன் முன்னால் வைத்தாள். என் வீட்டில் நெத்திலிக் கருவாட்டையே திரும்பிப் பார்க்காத நாய், அந்த வெறும் கூழைச் சட்டி தேயத் தேய நக்கியது.

உரலிலிருந்து இறங்கும்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இடுமருந்து!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, சோற்றிலோ குழம்பிலோ ரகசியமாகக் கலந்து கொடுப்பதுதான் இடுமருந்து. அது வயிற்றில் போய் ஒட்டிக்கொள்ளுமாம். உண்டவர் உடம்பு இளைத்து, கண் மங்கி, வைத்தவர் வாசலையே சுற்றிவருவாராம். எங்கள் பக்கத்தில் புருஷன் கொஞ்ச நாள் வேறு வீட்டுக் குழம்பைப் புகழ்ந்தால் போதும், பெண்டாட்டிமார் மருந்தெடுக்கிறவர்களைத் தேடிக் கிளம்பிவிடுவார்கள்.

சரி, நாய்க்கு எதற்கு மருந்து வைக்கவேண்டும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். பதிலும் கிடைத்தது. மருந்து பலிக்கிறதா என்று முதலில் நாய்க்கு வைத்துப் பார்க்கிறாள்! பலித்துவிட்டது. அடுத்தது யார்? அதே வாரத்தில் என் வீட்டுக்காரர் தம்பி வீட்டுக்கு ஏர் கேட்கப் போய்விட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "அஞ்சல காச்சற கூழு ஒரு தனி ருசிதான்" என்றார். இன்றைக்குக் கூழ், நாளைக்குக் கழனி, மறுநாள் மனுஷனே அடுப்பு ஓரத்தில் சுருண்டு படுத்துக்கொள்வார். நாயையும் காப்பாற்றவேண்டும், புருஷனையும் காப்பாற்றவேண்டும். நாயிடமிருந்து மருந்தை வெளியே எடுத்துவிட்டால் அஞ்சலையின் குட்டு வெளிப்பட்டுவிடும், இரண்டும் ஒரே கல்லில் முடியும் என்று கணக்குப் போட்டேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் கிளியம்மா என்று ஒரு மருந்தெடுக்கிறவர் இருந்தார். வயிற்றில் மூங்கில் குழலை வைத்து உறிஞ்சி, ஒட்டிக்கொண்டிருக்கும் மருந்தை உருண்டையாக எடுத்துக் காட்டிவிடுவார் என்று பேர். அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஒரு படி அரிசியும் வெற்றிலை பாக்கும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே எனக்கு முன்னால் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் மூக்கைச் சிந்திக்கொண்டு புருஷன் கதையைச் சொன்னாள். என் முறை வந்தது.

"யாருக்கும்மா?" என்றார் கிளியம்மா.

நாய்க்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எல்லாப் பெண்களும் என்னையே பார்த்தார்கள். சிரித்துவிடுவார்களே!

"எங்க வூட்டுக்காரருக்கு" என்றேன்.

"இன்னா பண்ணுது?"

"கூப்டா திரும்பறதில்லம்மா."

"எந்த ஆம்பள திரும்பறான்? அப்பறம்?"

"சோறு வச்சா மோந்து பாத்துட்டு எழுந்து போயிடறாரு."

"மோந்து பாத்துட்டா?"

"ஆமா. கண்ணுல நீலம் பாஞ்சிருக்குது. வாயி நாத்தம் தாங்கல. படுத்த எடத்துலயே ஒண்ணுக்குப் போயிடறாரு. விடிஞ்சா தம்பி வூட்டு அடுப்பாண்ட போயி சுருண்டு படுத்துக்கறாரு. அவ கூழு ஊத்துனா மட்டும் சட்டிய நக்கி..." நாக்கைக் கடித்துக்கொண்டேன். "நல்லா குடிக்கறாரு."

"வயசு இன்னா?"

"பதினாலு."

கிளியம்மாவின் வாயில் இருந்த வெற்றிலை அப்படியே நின்றது. சுற்றி இருந்தவர்கள் மூக்கு சிந்துவதை நிறுத்தினார்கள்.

"அறுவத்தி நாலு!" என்று உளறினேன். "அறுவத்தி நாலும்மா. வாய் தவறிடுச்சி."

எனக்கு அப்போது இருபத்தைந்துகூட இருக்காது. கிளியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தக் கண்ணில் அப்படி ஓர் இரக்கம். "ஒன்ன இப்டி ஒரு எடத்துல தள்ளுனவங்க நல்லா இருப்பாங்களா?" என்றவர், பச்சைப் பசேலென்று ஒரு மருந்து உருண்டையை இலையில் மடித்துக் கொடுத்தார். "இத சோத்துல பெசஞ்சி குடு. வாந்தி வந்துச்சின்னா உள்ள மருந்து இருக்குதுன்னு அர்த்தம். வெள்ளிக்கெயம நானே வந்து கொழா வச்சி எடுக்கறேன்."

"வேணாம்மா, நீங்க எதுக்கு அவ்ளோ தூரம்..."

"காது கேக்காது, கண்ணு தெரியாது. அந்த மனுஷன் எப்டி நடந்து வருவாரு? நான் வரேன், நீ போ."

திரும்பும் வழியில் சுங்கச்சாவடி. எல்லை தாண்டுகிற ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துப் பார்ப்பது அங்கே இருந்த சேவகருக்கு வேலை. அன்றைக்கு இருந்தவர் எங்கள் ஊர் மாப்பிள்ளை. இலைப் பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டு, "இது இன்னாக்கா? அபினா?" என்றார். அபின் கடத்தினேன் என்று போலீஸ் கச்சேரியில் உட்காரவைத்தால் பிறந்த வீட்டு மானமும் சேர்ந்து போகும். "இல்லப்பா, எங்க வூட்டுக்காரருக்கு மருந்து. கிளியம்மா குடுத்துச்சி" என்று சொல்லிவிட்டேன். அவர் விஷமமாகச் சிரிக்கவில்லை, "ஐயோ பாவம்" என்றார். ஆள் யோக்கியர்தான் என்று நினைத்தேன். (மனுஷரில் நான் சந்தேகப்படத் தவறிய ஒரே ஆள் அவர். பின்னால் வருத்தப்பட்டேன்.)

வெள்ளிக்கிழமை வந்தது. என் திட்டம் எளிமையானது. காலையிலேயே கப்ராலுக்கு மருந்தைக் கொடுத்து வாந்தி எடுக்கவைத்துவிடுவது. பிறகு ஊர் எல்லைக்கே போய்க் கிளியம்மாவை மறித்து, குணமாகிவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவது. வீட்டுக்காரர் கழனிக்குக் கிளம்பியதும், உருண்டையைச் சோற்றில் போட்டு, தெரியாமல் இருக்கட்டும் என்று குழையக் குழையப் பிசைந்து, மீன் குழம்பு ஊற்றி வைத்தேன். கப்ரால் மோந்து பார்த்தது. எத்தனையோ நாள் கழித்து என் வீட்டுத் தட்டில் வாய் வைத்து, ஒரு பருக்கை விடாமல் தின்றது. குழைந்த சோறு என்பதால் தின்கிறது என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றியதோ வேறு. உள்ளே இருக்கிற மருந்துதான் இந்த மருந்தை அடையாளம் கண்டுகொண்டு இழுக்கிறது என்று நினைத்துச் சிலிர்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாந்தி வந்தது. நான் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு உருண்டை வருகிறதா என்று கிளறிக் கிளறிப் பார்த்தேன். சோறு வந்தது. மஞ்சள் தண்ணீர் வந்தது. திரும்பவும் வந்தது. நிற்கவில்லை. பின்னங்கால்கள் மடங்கி, கப்ரால் தன் வாந்தியின்மேலேயே சரிந்தது. கண் மேலே செருகியது. ஒரு முனகல், அதற்கப்புறம் அதுவும் இல்லை. ஆறடி ஆம்பளைக்குக் கொடுக்கிற மருந்தைக் கிழட்டு நாய்க்குக் கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. குச்சியைப் போட்டுவிட்டு "ஐயோ!" என்று அலறினேன்.

அஞ்சலை தெருவைச் சுற்றி ஓடிவந்தாள். வந்தவள் என்னைப் பார்க்கவே இல்லை. நாயைத் தூக்கி மடியில் போட்டு, முந்தானையால் அதன் வாயைத் துடைத்து, "மோரு கொண்டா! உப்பு போட்டு கொண்டா!" என்றாள். கொண்டுவந்தேன். விரலால் தொட்டுத் தொட்டு நாக்கில் விட்டாள்.

"இன்னாக்கா குடுத்தே?"

"நீ குடுத்தத எடுக்கத்தான் குடுத்தேன்!" என்றேன். அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "மருந்து வச்சவ நீ! நாய்க்கு வச்சிப் பாத்துட்டு அப்பறம் எம்புருஷனுக்கு வைக்கலாம்னு!"

அதிகம் பேசாத அஞ்சலை அன்றைக்குப் பேசினாள். "மருந்தா? வேப்பெண்ணெ தேச்சேன்க்கா! எழுந்து நிக்க முடியாம காலு இழுத்துக்கினு கெடந்துச்சி. எங்கூருல எங்கப்பனுக்கு நான் தேச்சிவிட்டதுதான். இதோ பாரு." கப்ராலின் உதட்டை விலக்கிக் காட்டினாள். முன்னால் இரண்டு மூன்று பல் கறுத்து நின்றன. மற்ற இடமெல்லாம் வெறும் ஈறு. ஒரு பக்கம் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. "கெயவனுக்குப் பல்லு எங்க இருக்குது? நீ கருவாடு வைக்கற. இது கூழு குடிக்க வருது. ஒரு நாளாவது வாயத் தொறந்து பாத்தியா நீ?"

பார்த்ததில்லை. ஊரில் எல்லோர் வாயையும் பிடுங்கிப் பார்த்தவள், அந்த ஒரு வாயை மட்டும் பார்க்கவில்லை. எனக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கப்ராலின் விலா ஏறுகிறதா இறங்குகிறதா என்று கையை வைத்துக்கொண்டு அழுதேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்டது.

கிளியம்மா தனியாக வரவில்லை. சுங்கச்சாவடி மாப்பிள்ளை தன் மாமியார் வீட்டில் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். மாமியார் தெருவிடம் இன்னும் வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். "காதும் கண்ணும் போயி, படுத்த எடத்துலயே ஒண்ணுக்குப் போறாரே, அந்தப் பெரியவர் வூடு எது?" என்று கிளியம்மா கேட்டுக்கொண்டு வர, ஊரே வண்டிக்குப் பின்னால் நடந்து வந்துவிட்டது. போதாததற்கு யாரோ கழனிக்கு ஓடி, "ஒன் வூட்டாண்ட ஒரே கூட்டம், யாருக்கோ முடியலையாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் சேற்றுக் காலோடு மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நின்றார். கண் சிவந்து, நாக்குத் தள்ளியிருந்தது.

"இவுருதானே?" என்றார் கிளியம்மா. "பாத்தாலே தெரியுது. ஆனா அறுவத்தி நாலு சொல்ல முடியாது."

வீட்டுக்காரருக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. "இன்னாடி இது?" என்று என்னைக் கேட்டார்.

"பேசாதீங்க! குந்துங்க!" என்று கிளியம்மா அவர் காதில் வாயை வைத்துக் கத்தினார். மனுஷன் அரண்டுபோய்க் குந்திவிட்டார். கூட்டத்திலிருந்து ஒரு கிழவர், "ராத்திரில தண்ணி கொறச்சிக் குடிப்பா, எனக்கும் அப்டித்தான் இருந்துச்சி" என்று ஆறுதல் சொன்னார். "அது நாயிங்க" என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். சொல்லவேண்டும் என்றுதான் நினைத்தேன். வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

கிளியம்மா அவர் வயிற்றைத் தடவி, மூங்கில் குழலை வைத்து, கன்னம் குழிய உறிஞ்சினார். பிறகு பூவரச இலையில் எதையோ துப்பினார். கறுப்பாக ஓர் உருண்டை, அதைச் சுற்றி மயிர். கூட்டம் "ஆ!" என்றது. கிளியம்மா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இது வெளியாளு வச்சது இல்ல. தாலி கட்டிக்கினவ கையி."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். என் வீட்டுக்காரரும் திரும்பினார். உலகத்தில் இருக்கிற எல்லோரையும் சந்தேகப்பட்டிருக்கிறேன். என்னை ஒருவர் சந்தேகப்பட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். முதுகில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது.

அஞ்சலைதான் வாயைத் திறந்தாள். நாயை மடியை விட்டு இறக்காமலே, "அம்மா, மாமாவுக்கு ஒண்ணும் இல்ல. அக்கா கேட்டது இந்தக் கப்ராலுக்கு" என்றாள்.

கூட்டம் அஞ்சலையின் மடியை எட்டிப் பார்த்தது. பிறகு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், கூரையில் இருந்த காக்கை எல்லாம் பறந்துவிட்டது. நல்லது, கிளியம்மா இப்போது தலையைக் குனிந்துகொண்டு வண்டி ஏறிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரா ஏறுவார்? நாயைப் பார்த்தார், வாந்தியைப் பார்த்தார், மீன் குழம்புத் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பின்ன?" என்றார். "மொதல்ல நாய்க்கு வச்சிப் பாத்திருக்கா. பலிச்ச அப்பறம் புருஷனுக்கு வச்சிருக்கா. நான் இப்ப எடுத்தனா இல்லியா?"

நான் எத்தனையோ நாள் உட்கார்ந்து கண்டுபிடித்ததை அந்த அம்மாள் ஒரு மூச்சில் கண்டுபிடித்து என் தலையிலேயே வைத்துவிட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தபடியும் மீதிப் பேர் யோசித்தபடியும் கலைந்தார்கள். அதன்பிறகு பல மாதம் எங்கள் தெருவில் எவரும் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. மாறாக, இருட்டுகிற நேரத்தில் சில பெண்கள் மட்டும் கொல்லைப்பக்கம் வந்து, "அக்கா, அந்த மருந்து உன்னாண்ட மிச்சம் இருக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு நாங்கள் யாரும் அடுப்பு மூட்டவில்லை. கப்ராலை அஞ்சலை வீட்டு வெல்ல அடுப்பின் ஓரமாகக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தோம். நானும் அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். பாகம் பிரிந்தபிறகு நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அஞ்சலை என்னைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பொழுது சாயும் நேரத்தில் கப்ரால் தலையைத் தூக்கியது. அவள் முந்தின நாள் கூழில் ஒரு கரண்டி எடுத்து என் கையில் கொடுத்தாள். நான் நீட்டினேன். அது மோந்து பார்த்தது. இவ்வளவு நடந்தபிறகு இவள் கையில் வாங்கலாமா என்று யோசித்ததோ என்னவோ. பிறகு நக்கியது. அதைப் போய் யாராவது மன்னிப்பு என்று சொல்லுவார்களா, அதற்குப் பசி, அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது போதுமாக இருந்தது. அஞ்சலையும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் கடப்பாறையை எடுத்துப்போய் நடுச்சுவரின் அடியில் இடிக்க ஆரம்பித்தார். சத்தம் கேட்டு, பாகத்தை மீறுகிறானே என்று கொழுந்தனார் அந்தப் பக்கத்திலிருந்து தன் கடப்பாறையோடு ஓடிவந்தார்.

"இன்னாண்ணே பண்றே?"

"கண்ணு தெரியாத நாயி. தெருவச் சுத்திக்கினு எத்தினி நாளைக்கு வரும்?"

கொழுந்தனார் குனிந்து இடிந்த இடத்தைப் பார்த்தார். பிறகு அவரும் தன் பக்கத்திலிருந்து இடித்தார். நொத்தேர் எழுதிய பத்திரத்துக்கு விரோதமாக, நாய் புகுகிற அளவுக்கு ஒரு வழி உண்டானது. அடுத்த கரும்பு வெட்டு முடிகிறவரைக்கும் கப்ரால் அதன் வழியாகப் போய்வந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் அந்தப் பக்கம், படுக்கை இந்தப் பக்கம். வேப்பெண்ணெய் தேய்க்கிற வேலையை அஞ்சலை எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, நானாகவே பிடுங்கிக்கொண்டேன். ஒரு நாள் வெல்லம் காய்ச்சி முடித்த அடுப்பின் பக்கத்தில், வெயில் ஏறினபிறகும் அது எழுந்திருக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிக்கொண்டுபோய்க் கரும்புக் கொல்லையில் புதைத்தோம். நான் அவளைவிட அதிகமாக அழுதேன். அவளுக்கு அழுகிறதுக்குக் காரணம் ஒன்று, எனக்கு இரண்டு.

வழியை மட்டும் யாரும் அடைக்கவில்லை. பிள்ளைகள் தவழ்ந்து போனார்கள். அப்புறம் குனிந்து போகிற அளவுக்குப் பெரிதாக்கினோம். பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், சுங்கச்சாவடி போய்விட்டது, அந்தப் பொந்து இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு புது மருமகளும் அதில் தலையை இடித்துக்கொண்டு, "இது எதுக்கு இங்க?" என்று கேட்பாள். உடனே எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு கதையை ஆரம்பிப்பார். அவர் சொல்லச் சொல்லக் கிளியம்மா எடுத்த உருண்டை பெரிதாகிக்கொண்டே வருகிறது. இப்போது அது ஒரு தேங்காய் அளவுக்கு வந்து நிற்கிறது.

இப்போதெல்லாம் அந்தப் பொந்து வழியாக அதிகம் போகிறவள் நான்தான். காலையில் எழுந்ததும் அஞ்சலையின் அடுப்பு ஓரத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். முழங்காலுக்கு அந்தச் சூடு இதமாக இருக்கிறது. அவள் கூழைத் தவிர வேறு எதுவும் எனக்கு இறங்குவதில்லை. "பெரிய ஆயாவுக்கு மருந்து வச்சிட்டாங்க" என்று பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டாலும் நான் திரும்புவதில்லையாம், காது போய்விட்டதாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர் கூப்பிடுவதே கிடையாது, எல்லோரும் சேர்ந்துகொண்டு கூப்பிட்டதாகச் சொல்கிறார்கள் என்பது என் சந்தேகம்.